பொய்யோலையும் முன்ஜாமீனும்

சிராவகனுக்கு உரிய ஐந்து அணுவிரதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து அதிசாரங்கள் கூறப்பட்டிருப்பது நம்மவர் அறிந்ததே. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அவற்றை நிரல்பட வைக்கிறார். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் மூன்றாவது கூடலேகக் கிரியை. தமிழில் சொன்னால், பொய்யோலை எழுதுதல். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் மூன்றாவது விருத்த ராஜ்யாதிக்கிரமம். அரசின் விலக்கை மீறிச் சரக்கைக் கொண்டு செல்லுதல் இதன்பாற்படும். அதற்கடுத்தவை கள்ள அளவையும் போலிச் சரக்கும். சமந்தபத்திர சுவாமிகளும் இரத்தினகரண்டகத்தில் கூடலேகத்தை விடாமல் எண்ணியிருக்கிறார். உலகைத் துறந்தோர் செய்த நூல்களில் கணக்குப் பெட்டியும் தராசும் இவ்வளவு நெருக்கமாக இடம்பெற்றதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கேட்டிருந்தோரில் வணிகர் பலர்.

இவ்விரண்டு விரதங்களின் மூன்றாம் அதிசாரங்களும் இக்காலத்தில் ஒரே லாரியில் ஏறிச் செல்கின்றன. சரக்கோடு சென்ற சீட்டு பொய்யானது என்னும் ஐயத்தின்பேரில் தன்னைக் கைது செய்வர் என அஞ்சும் ஒரு சிராவகன், கைதுக்கு முன்னரே நீதிமன்றத்தை அணுகி முன்ஜாமீன் கேட்கிறான். இது அறத்துக்கு ஒத்ததா? ஒத்ததாயின் எதுவரை ஒத்தது? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது வெளியூர்ச் செய்தியன்று. கரந்தை ஆதீசுவரர், மன்னார்குடி மல்லிநாதர், கும்பகோணம் சந்திரப்பிரபர், தீபங்குடி ஆதிநாதர் என நம் ஆலயங்கள் நெல் விளையும் ஊர்களிலேயே நிற்கின்றன. நெல்லோடு வாழ்பவர் காகிதத்தோடும் வாழ வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உணவுக் கட்டுப்பாட்டை இராஜாஜி அரசு 1952இல் நீக்கிற்று. 1960களில் அது வேறு உருவில் திரும்பி வந்தது. நெல் தஞ்சை மாவட்ட எல்லையைக் கடக்கப் பெர்மிட் வேண்டும் என்றிருந்த நாட்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியபின், நாற்பது கிலோ சிப்பமாகக் கட்டிய நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்குப் போகிறது. கிடங்கிலிருந்து அரவை முகவரின் ஆலைக்குப் போகிறது. புழுங்கலாயின் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்னும் கணக்கில் மீண்டும் கிடங்குக்கு வருகிறது. நடைக்கு ஒரு சீட்டு. தனியார் சரக்குக்கு விலைப்பட்டியலும் லாரி ரசீதும் வேண்டும். வரிக்குரிய சரக்காயின் 2018 முதல் இ-வே பில்லும் சேர்ந்துகொண்டது.

பொய்யோலை பெரும்பாலும் பெரிய கைவேலையன்று. ரேஷன் அரிசியைச் சாக்கு மாற்றி, "குருணை, கோழித் தீவனத்துக்கு" என்று ரசீது எழுதுவர். பழைய சீட்டில் தேதியைத் திருத்துவர். ஒரு சீட்டை வைத்து இரண்டு நடை ஓட்டுவர். கணினி வந்தபின் இது ஒழியும் என்று நம்பினோம். இ-வே பில்லுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் தரப்பட்டிருப்பதால், அருகிலுள்ள ஊருக்குச் செல்லும் லாரி அதே பில்லைக் காட்டி அன்றே மறுநடை போகவும் வழியிருக்கிறது. ஓலை மாறிற்று; எழுதும் மனம் மாறவில்லை.

பீகாரில் 1996இல் வெளிப்பட்ட மாட்டுத் தீவன ஊழலை இங்கே நினைக்கலாம். தீவனம் ஏற்றிச் சென்றனவாகப் பில்லில் எழுதப்பட்ட வண்டி எண்களுள் சில ஸ்கூட்டர்களுக்கு உரியவை என்று தணிக்கையில் தெரியவந்தது. நாடு சிரித்தது. ஜீவதயை பேசும் நாம் சிரிப்பதற்கில்லை. வாயில்லாப் பிராணிகளுக்கு உரிய தீவனம் காகிதத்தில் மட்டுமே போய்ச் சேர்ந்தது. பொய்யோலை யாரையும் கைநீட்டி அடிப்பதில்லை. ஆயினும் அதன் மறுமுனையில் ஓர் உயிர் பட்டினி கிடக்கிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் விலையின்றித் தரப்படும் ரேஷன் அரிசியைக் கடத்துவதற்கு எழுதும் ரசீதும் இத்தகையதே.

இனி ஓர் அரவை ஆலைக்காரரை மனத்தில் கொள்வோம். லாரி ரசீதுப் புத்தகத்தில் முப்பது தாள்களுக்கு முன்னதாகவே கையொப்பமிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அறுவடைக் காலத்தில் இரவு பகலாக லாரி ஏறும்போது ஒவ்வொரு முறையும் அவர் வந்து நிற்க இயலாது. ஒருநாள் நள்ளிரவில் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறையினர் லாரியை மறிக்கின்றனர். சீட்டில் எழுதியது ஒன்று, மூட்டையில் இருப்பது வேறொன்று. ஓட்டுநர் அங்கேயே பிடிபடுகிறார். விடிவதற்குள் ஆலைக்குத் தொலைபேசி வருகிறது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி வழக்கு. ஏமாற்றும் நோக்கில் பொய்யாவணம் புனைந்ததாகவும், அதை மெய்யெனக் காட்டியதாகவும் குற்றச்சாட்டுகள் கூடுகின்றன. 2024 ஜூன் வரை அவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 468, 471ஆம் பிரிவுகள். ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340ஆம் பிரிவுகள். ஏழாண்டுச் சிறை வரை விதிக்கலாம். ஆலைக்காரர் வழக்கறிஞர் வீட்டுக்கு விரைகிறார்.

முன்ஜாமீன் என்னும் ஏற்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் பழையதன்று. செல்வாக்குடையோர் தம் பகைவரைப் பொய் வழக்கில் மாட்டிச் சில நாளேனும் சிறையில் வைத்து மானத்தை வாங்க முயல்கின்றனர் என்பதைக் கண்ட சட்ட ஆணையம், 1969இல் தன் 41ஆம் அறிக்கையில் இதனைப் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆம் பிரிவாக இடம்பெற்றது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவு. பஞ்சாபில் அமைச்சராயிருந்த குருபக்ஷ் சிங் சிப்பியாவின் வழக்கில், 1980இல் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்து, இவ்வுரிமையைச் சட்டத்தில் இல்லாத கட்டுகளால் குறுக்கலாகாது என்றனர். பொருளாதாரக் குற்றம் என்ற ஒரே காரணத்தால் கதவை அடைக்கவும் அவர்கள் உடன்படவில்லை. 2020 ஜனவரியில் மற்றோர் ஐவர் அமர்வு, முன்ஜாமீனுக்குப் பொதுவாகக் கால வரம்பு இட வேண்டியதில்லை என்றது. உத்தரப் பிரதேசத்தில் நெருக்கடிநிலைக் காலமான 1976இல் இப்பிரிவை நீக்கிவிட்டனர். அது மீண்டு வர 2019 ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய மாநிலத்து மக்களுக்கு இவ்வாயில் இல்லாதிருந்தது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

நம் பெரியோருள் சிலர் இதனை ஒப்புவதில்லை. "குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்? குற்றமுள்ளவனாயின் வினைப்பயனை நுகரட்டும், முன்ஜாமீன் என்பது வினையிலிருந்து நழுவப் பார்ப்பது" என்பது அவர்கள் கூற்று. மதிப்புக்குரிய கருத்தேயாயினும் இதில் ஒரு தவறு இருக்கிறது. வினைப்பயனை ஊட்டுவது வினையேயன்றிக் காவல் நிலையம் அன்று. ஒருவன் தன் முன்வினையால் துன்புறுகிறான் என்பது, அவனைத் துன்புறுத்தும் உரிமையை மற்றொருவனுக்கு வழங்கிவிடாது. அவ்வாறு வழங்குமாயின் அகிம்சைக்கே இடமில்லாமற் போகும்.

மேலும், ஐயம் வேறு, துணிவு வேறு. ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கண்டு "இது இதுவே" என்று அறுதியிடுவதை அநேகாந்தம் மறுக்கிறது. பொய்யான சீட்டு லாரியில் இருந்தது என்பது ஓர் உண்மை. அதை எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார், அறிந்தும் ஏற்றியவர் யார் என்பன இன்னும் காணப்படாத பக்கங்கள். அவை காணப்படும் வரை ஒருவனைச் சிறைக்கு வெளியே வைத்திருப்பது, நடுவுநிலை கொண்ட அறிவின் செயலேயாகும்.

இதனை நமக்கு உணர்த்தக் காவியமே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் கோவலன் மதுரையில் எவ்வாறு மாண்டான்? ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லால். கொல்லச் சென்ற காவலர் அவனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்று தயங்கினர். பொற்கொல்லனோ கள்வர்க்குரிய தந்திரங்களை அடுக்கி அந்தத் தயக்கத்தைக் கலைத்தான். அறிவற்ற காவலன் ஒருவன் வாளை வீசினான். மன்னன் கோவலனை அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் காவியம் வேறாகியிருக்கும். காவிரிக் கரையிலிருந்து அவர்களுக்கு வழித்துணையாக வந்த நம் கவுந்தியடிகள் செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். தஞ்சை மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்க 2004 முதல் அந்த மதுரைக்கே செல்கின்றனர் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. (திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்குச் செல்ல வேண்டும், ஒரே ஆற்று நீரைக் குடிப்பவருக்கு இரண்டு நீதிமன்ற ஊர்கள்.) உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடை அருகே, ஆனைமலையைப் பார்த்தவாறு நிற்கிறது. அம்மலைப் பாறையில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. கேள்வி கேட்காமல் ஒரு வணிகன் கொல்லப்பட்ட ஊரில், கேட்டபின் கைது செய்யுங்கள் என்று முறையிட ஓர் இடம் இருப்பது நல்லதே.

ஆதலால் முன்ஜாமீன் கேட்பது விரதத்துக்கு மாறன்று. இடர் அதன்பின்தான் தொடங்குகிறது. மனுவில் என்ன எழுதப்படுகிறது?

"மனுதாரர் நிரபராதி, இக்குற்றம் பற்றி யாதொன்றும் அறியார், பொய்யாகச் சேர்க்கப்பட்டுள்ளார், ஓட்டுநர் தம் விருப்பப்படி செய்த செயலுக்கு அவர் பொறுப்பல்லர்." இவ்வாசகம் வழக்கறிஞர் அலுவலகங்களில் அச்சுப்போல் வழங்குகிறது. பெயரும் ஊரும் மட்டும் மாறும். நம் ஆலைக்காரர் கையொப்பமிடும் முன் அதைப் படிக்கிறாரா? வெற்று ரசீதில் கையொப்பமிட்டவர் மனுவிலும் அவ்வாறே இட்டுவிட்டால், ஒரு பொய்யோலை வழக்கிலிருந்து மீள மற்றொரு பொய்யோலை எழுதியவராகிறார். முதலாவதையாவது கணக்குப்பிள்ளை எழுதினான் எனலாம். இதை அவரே எழுதுகிறார், நீதிமன்றத்தின் முன்.

இங்கே சட்டம் கேட்பதும் அறம் கேட்பதும் பிரிகின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பொய்யாவணத்தைப் புனைந்தவனையே அதைப் புனைந்த குற்றத்துக்குத் தண்டிக்கலாம், அதனால் பயன்பெறக்கூடிய பிறனை அக்குற்றத்துக்குத் தண்டிக்கலாகாது என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. தண்டிக்கும் சட்டத்துக்கு அத்தகைய கண்டிப்பு வேண்டும். நம் ஆகமமோ செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. வழக்கத்தைவிட அதிகமான வாடகைக்கு ஒரு லாரி ஒத்துக்கொள்ளப்பட்டதைக் கணக்கில் கண்டும் காரணம் கேளாமல் விட்டவர், நீதிமன்றத்தில் நிரபராதியாகலாம். அனுமோதனையிலிருந்து அவர் தப்புவதில்லை.

ஒன்றுமே அறியாதவராயின்? அப்போதும் பிரமாதம் என்றொன்று உண்டு. இன்று நாம் பாட்டைக் கேட்டுப் "பிரமாதம்" என்று புகழ்கிறோம். சாத்திரத்தில் அச்சொல்லுக்குக் கருத்தின்மை, அசட்டை என்று பொருள். உமாசுவாமிகள் இம்சையின் இலக்கணத்தையே பிரமாதத்தில் வைத்துத் தொடங்குகிறார். முப்பது வெற்றுத் தாள்களில் கையொப்பம் என்பது பிரமாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. வியப்பு என்னவெனில், அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும் ஓரளவு இவ்விடத்துக்கு வந்து சேர்கிறது. பிடிபட்ட வண்டியைப் பறிமுதல் செய்யாதிருக்க வேண்டுமாயின், அதன் உரிமையாளர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது. தாமும் தம் முகவரும் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் தக்க முன்னெச்சரிக்கை அனைத்தும் எடுத்திருந்ததாகவும் மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது அதன் 6பி பிரிவு. அச்சட்டத்தின் 10சி பிரிவு, குற்ற மனம் இருந்ததாகவே முதலில் கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று காட்டுவது குற்றஞ்சாட்டப்பட்டவர் பொறுப்பு. 10சி கடுமையானது, எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 6பி கேட்பதோ, ஒரு சிராவகன் தன்னைத்தான் நாள்தோறும் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் ஆலைக்காரர் எல்லாவற்றையும் மனுவில் ஒப்பி எழுதிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவு காக்கிறது. வாய்மை அணுவிரதமும் இல்லறத்தானிடம் அவ்வளவு கேட்கவில்லை. தூலமான பொய் கூறாமையும் பிறரைக் கூறச் செய்யாமையும், கேடு விளைவிக்கும் மெய்யைச் சொல்லாமையுமே சமந்தபத்திரர் அவனுக்கு வகுத்த எல்லை. வாய் திறவாதிருத்தல் பொய்யன்று. ஆலோசனை என்னும் ஒப்புதலைக் குருவின் முன் செய்யலாம். அது காவலர் முன் செய்யப்பட வேண்டும் என்று விதியில்லை. ஆனால் தான் தப்பும்பொருட்டுப் பழியை இன்னொருவன்மேல் ஏற்றுவது மௌனம் ஆகாது. புறங்கூறுதலும் பொய்ப்பழியும் கூடலேகத்தோடு அதே வரிசையில் நிற்கும் குற்றங்கள். "ஆவணங்கள் யாவும் கைப்பற்றப்பட்டுவிட்டன, விசாரணைக்கு அழைக்கும்போதெல்லாம் வருவேன், ஓடிப்போக மாட்டேன், ஆகவே என்னைக் காவலில் வைத்து விசாரிக்கத் தேவையில்லை" என்று எழுதலாம். அவ்வளவும் மெய்யாக இருக்க முடியும். முன்ஜாமீனுக்கு நீதிமன்றம் முதன்மையாக எடை போடுவதும் இவற்றைத்தான். "யாதொன்றும் அறியேன், ஓட்டுநரே செய்தான்" என்னும் வரி வழக்குக்கு வலுவூட்டும் என்று வழக்கறிஞர் சொல்வார். அதை அடித்துவிடச் சொல்லும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. நம்மவரில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துவர் என்பதுதான் கேள்வி.

ஓட்டுநரை இதுவரை சாலையிலேயே விட்டு வந்தோம். ஆலைக்காரருக்கு முன்ஜாமீன் கிடைக்கிறது. இரு நபர் ஜாமீன், நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையொப்பம் என்பவை போன்ற நிபந்தனைகள். அவமானந்தான்; ஆயினும் இரவில் வீட்டில் உறங்குகிறார். முன்ஜாமீன் என்பது பிடிபடாதவனுக்கே பயன்படும். சீட்டைக் கையில் வைத்திருந்தவன் பிடிபட்டுவிட்டான். அவன் சிறையில் இருக்கிறான். அச்சீட்டில் எழுதியிருந்ததை அவன் படித்தானா என்பதும் ஐயம். அவன் வேற்று மாவட்டத்தவன் அல்லது வேற்று மாநிலத்தவன். ஜாமீன் கிடைத்தாலும் அவனுக்காகக் கையொப்பமிட உள்ளூரில் யாரிருக்கிறார்கள்? 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, ஜாமீன்தாரரான சகோதரர் வேறு மாவட்டத்தவர் என்று அவரையும் கீழ்நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்னும் நிபந்தனையால் விடுதலை தாமதமாவதைச் சுட்டி, அதைத் தவிர்க்கலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் அதே குறை.

ஓட்டுநருக்கு உதவினால் "இருவரும் கூட்டு" என்று அரசுத் தரப்பு சொல்லும், சாட்சியைக் கலைத்ததாகவும் கொள்ளக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரிப்பார். அந்த எச்சரிக்கை வெறும் சாக்கன்று. முன்ஜாமீன் நிபந்தனைகளுள், வழக்கின் உண்மைகளை அறிந்தவரை அச்சுறுத்தவோ ஆசை காட்டவோ கூடாது என்பதும் ஒன்று. ஆயினும் அவனுக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியை அவன் மனைவிக்கு ரசீதோடு அனுப்புவது ஆசை காட்டுதல் ஆகாது. கொடுக்காமல் வைத்திருப்பதே அதத்தாதானம், அஃதாவது பிறன் பொருளை வௌவுதல். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி வட்டந்தோறும் இயங்கும் சட்டப்பணிகள் குழு, காவலில் இருப்பவனுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தும். இச்செய்தியை அவன் வீட்டாருக்குத் தெரிவிக்க எந்த நிபந்தனையும் தடையில்லை. அவ்வழக்கறிஞர் ஆலைக்காரரின் ஆளாக இல்லாதிருப்பதும் நல்லது. அவன் உண்மையைச் சொல்லட்டும். அது ஆலைக்காரருக்கு எதிராக இருக்கலாம். இருந்தால் அதைத் தாங்கும் துணிவு அவருக்கு வேண்டும். விரதம் கொண்டவனுக்கு இவ்விடந்தான் கடினம், நீதிமன்றப் படிக்கட்டு அன்று.

இவ்வளவையும் சொன்னபின் ஒருவர் கேட்கலாம்: அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு இருபது லாரி ஏறும் ஆலையில் ஒவ்வொரு ரசீதுக்கும் உரிமையாளரே வந்து நிற்க முடியுமா? முடியாது. ஆனால் கையொப்பமிடும் உரிமையை ஒருவருக்கு எழுத்தில் கொடுத்து, அவர் பெயரிலேயே அவர் கையொப்பமிடச் செய்யலாம். ரசீதுப் புத்தகத்தின் தாள் எண்களை மாலையில் கிடங்குப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். இருட்டுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் அந்த அரைமணி மிச்சமிருக்கவே செய்கிறது.